ஸ்டுட்கார்ட் நடனப் போட்டியை ஒட்டி ஓர் ஐரோப்பியப் பயணம்: ஜோடிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆகஸ்ட் மாதம் சுமார் ஐந்து நாட்கள் நடக்கிறது ஜெர்மன் ஓபன் சாம்பியன்ஷிப்ஸ். ஆடுபவர்கள் சுருக்கமாக ஜி.ஓ.சி. என்பார்கள். பால்ரூம், லத்தீன் ஆடும் கணவன் மனைவி, போட்டியையும் முடித்துக்கொண்டு கொஞ்சம் ஐரோப்பாவும் பார்த்து வருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து கிளம்புபவர்களை மனதில் வைத்து எழுதியது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு விசா மையம் மட்டும் மாறும்.

புதிதாகப் போகும் ஜோடிகள் ஆட்டத்தில் தடுமாறுவதைவிட வேலைகளின் வரிசையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சலுகை விலை என்று விமானச் சீட்டை முதலில் வாங்கிவிடுவார்கள். அப்புறம்தான் தங்கள் பிரிவு எந்த நாளில் வருகிறது என்று பார்ப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பார்வையாளராக மட்டும் போகிறீர்கள் என்றால் 2, 7 ஆகிய படிகளைத் தாண்டிவிடலாம்; 7-இன் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள்.

1. முதலில் பிரிவு, பிறகு தேதி

போட்டி ஐந்து நாள் என்றாலும் நீங்கள் ஆடப்போவது அதில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். பெரியவர்கள் பிரிவு, வளரும் ஜோடிகளுக்கான ரைசிங் ஸ்டார்ஸ், முப்பத்தைந்து வயதை ஒட்டித் தொடங்கும் சீனியர் பிரிவுகள் என்று பல உண்டு. ஒவ்வொன்றிலும் ஸ்டாண்டர்டு (பால்ரூம் நடனங்கள்) தனி, லத்தீன் தனி. எனவே போட்டியின் தேதியைப் பார்த்தால் போதாது. உங்கள் பிரிவின் தேதியைப் பாருங்கள். கால அட்டவணை இன்னும் இறுதியாகவில்லை என்றால் ஐந்து நாளையும் மொத்தமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தூரம் போகிறோமே என்று தகுதியுள்ள எல்லாப் பிரிவுகளுக்கும் பெயர் கொடுக்கும் ஜோடிகள் உண்டு. ஸ்டாண்டர்டில் ஸ்லோ வால்ட்ஸ், டாங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ பாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் என ஐந்தையும் ஒரே சுற்றில் அடுத்தடுத்து ஆட வேண்டும். இரண்டு சுற்று தேறினால் அன்றைய கால்கள் முடிந்தன. முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு பிரிவு, மிஞ்சினால் இரண்டு போதும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி இருப்பது நல்லது.

2. உரிமமும் பதிவும்

இது உலக நடன விளையாட்டுக் கூட்டமைப்பின், அதாவது டபிள்யூ.டி.எஸ்.எஃப்.இன் விதிகளின் கீழ் நடக்கும் போட்டி. அதன் ஓபன் பிரிவுகளில் ஆட, உங்கள் நாட்டுச் சங்கத்தின் வழியாகப் பெற்ற வீரர் உரிமம் இருவருக்கும் வேண்டும். நீங்கள் இருவரும் ஒரு ஜோடியாகவும் பதிவாகியிருக்க வேண்டும். சங்கத்தில் கடிதம் நகரும் வேகம் உங்கள் கையில் இல்லை. ஆகவே முந்தைய ஆண்டின் கடைசியிலேயே தொடங்குங்கள்.

போட்டிப் பதிவு திறந்த முதல் வாரத்திலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். பதிவு உறுதியான தாள் விசாவுக்கு வேண்டும் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம்.

இங்கிலாந்தின் பிளாக்பூல் நடன விழாவுக்கும் சேர்த்துத் திட்டமிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. அது மே மாதக் கடைசியை ஒட்டி நடப்பது. நடத்துபவர்களும் விதிகளும் வேறு. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் பிரிட்டன் இல்லாததால் விசாவும் வேறு. இரண்டையும் ஒரே ஆண்டில் முடிச்சுப் போடாதீர்கள். ஒன்றில் பதிவு பெற்றவர் மற்றொன்றில் ஆட ஏதேனும் தடை உண்டா என்பதையும் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊக்கமருந்து சோதனையைப் பற்றி நம் ஊர் ஜோடிகள் யோசிப்பதே இல்லை. நடனமும் விளையாட்டாகக் கருதப்படுவதால் இங்கே உலக ஊக்கமருந்து தடுப்பு விதிகள் செல்லும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் மாத்திரை, ஆஸ்துமாவுக்கோ ஒவ்வாமைக்கோ விழுங்கும் பிரெட்னிசலோன், இரண்டுமே போட்டிக் காலத்தில் சிக்கலானவை. நாள்பட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவச் சீட்டோடு முன்கூட்டியே விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத லேகியத்தையும் சூரணத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

3. விமானமும் தங்குமிடமும்: பிடித்து வையுங்கள், பணம் கட்டாதீர்கள்

விசா விண்ணப்பத்துக்குப் பயண முன்பதிவு காட்டினால் போதும். பணம் கட்டி வாங்கிய சீட்டு கட்டாயம் இல்லை. கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறையையும், விசா கிடைக்காவிட்டால் திருப்பித் தரக்கூடிய விமான முன்பதிவையும் மட்டும் எடுங்கள். விசா கைக்கு வந்த அன்றே உறுதி செய்துகொள்ளலாம்.

போட்டிக்குக் குறைந்தது மூன்று முழு நாள் முன்னால் இறங்குங்கள். நீண்ட விமானப் பயணத்தில் பாதம் வீங்கும். அளவெடுத்துத் தைத்த நடனக் காலணிக்குள் அடுத்த நாளே அதைத் திணித்தால் கொப்புளம் நிச்சயம்.

கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். விடிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். காலைச் சுற்றுகளுக்கு இது வசதிதான். ஆனால் இறுதிச் சுற்றுகள் இரவில் நடக்கும். அங்கே இரவு பத்து மணி என்றால் உங்கள் உடம்புக்கு அது ஒன்றரை மணி. அதனால் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே தூங்கப் போகும் நேரத்தைத் தள்ளிப் பழகுங்கள்.

சென்னையிலிருந்து பிராங்பர்ட் வரை நேரடியாகப் பறந்து, விமான நிலையத்தை ஒட்டியே இருக்கும் தொலைதூர ரயில் நிலையத்தில் ஐ.சி.இ. அதிவேக ரயில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ஸ்டுட்கார்ட். இன்னொரு விமானம் மாறி ஸ்டுட்கார்டிலேயே இறங்குவதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பெட்டி ஒரு முறைதான் கைமாறுகிறது. உடைப் பெட்டி தொலைந்தால் பயணத்தின் நோக்கமே போச்சு. இப்போது ஷெங்கன் எல்லையில் முதல் முறை நுழைகிறவர்களின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்கிறார்கள். அதனால் விமானம் இறங்கி ஒரு மணி நேரத்தில் கிளம்பும் ரயிலுக்குச் சீட்டு வாங்காதீர்கள்.

போட்டி நடப்பது லீடர்ஹாலே என்ற அரங்க வளாகத்தில். அது நகரின் நடுவிலேயே இருக்கிறது. வாசலில் டிராம் நிறுத்தமும் உண்டு. நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. காலையில் ஒரு சுற்று, இரவில் ஒரு சுற்று என்று அமைந்தால் நடுவில் அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். புறநகரில் மலிவாக அறை எடுத்தவர்கள் கல் பதித்த உடையோடு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குளிர்சாதனம் உண்டா என்பதையும் கேளுங்கள். ஆகஸ்டில் அங்கே முப்பது பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு; ஆனாலும் பல ஓட்டல்களில் ஏசி கிடையாது.

4. விசா

ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம்; கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள் எடுக்கும்; சில வேளை 45 நாள் வரைகூடப் போகும். நம் ஊரில் ஏப்ரல் முதல் ஜூன் வரை விடுமுறைக் கூட்டம் அலைமோதும். நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஆகஸ்ட் பயணத்துக்கு மே மாதத்துக்குள் கைரேகை கொடுத்து முடித்திருந்தால் நிம்மதி. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் பலருக்குக் குழப்பம். பயணத்தின் முதன்மை நோக்கம் எங்கே இருக்கிறதோ, அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான். ஸ்டுட்கார்டில் எட்டு இரவு, பாரிஸில் நான்கு இரவு என்றால் ஜெர்மனி. போட்டிக்கு ஐந்து இரவு, பாரிஸுக்கு ஆறு இரவு என்று போட்டீர்களானால் நீங்களே கேள்விக்கு இடம் கொடுக்கிறீர்கள். போட்டி நாட்டில் இரவுகள் தெளிவாகக் கூடுதலாக இருக்கும்படி அமைத்துவிடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் பயண நோக்கத்துக்கான கட்டங்களில் 'விளையாட்டு' என்று ஒன்று உண்டு. ஆடப் போகிறவர்கள் அதைக் குறித்து, பதிவு உறுதித் தாளையும் சங்கத்தின் கடிதத்தையும் இணையுங்கள். பார்க்க மட்டும் போகிறவர்களுக்குச் 'சுற்றுலா' போதும். ஆடப் போகிற ஜோடி சுற்றுலா என்று மட்டும் எழுதிவிட்டு, எல்லையில் பெட்டி நிறைய இறகும் கல்லுமாக நிற்பது தேவையில்லாத வம்பு.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். விலக்குகள் என்ற பகுதியில் 'போட்டி விளையாட்டில் ஏற்படும் காயம்' என்று இருக்கிறதா பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும். கணுக்கால் சுளுக்கினால் அந்த ஒரு வரி உங்களைக் கைவிட்டுவிடும். கூடுதல் பிரீமியத்தில் அதை நீக்க முடிகிறதா என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். விடுப்பு அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வழக்கம்போல. கணவன் மனைவி என்றாலும் இருவருக்கும் தனித்தனிக் கோப்பு வையுங்கள். திருமணச் சான்றின் நகல் இரண்டிலும் இருக்கட்டும்.

5. மூட்டை கட்டுதல்

விதி ஒன்றுதான்: எது இல்லாவிட்டால் ஆட முடியாதோ அது கைப்பையில். காலணிகள், போட்டி உடை, உரிம விவரம். ஸ்டாண்டர்டு கவுன் பெரிதாகத் தெரிந்தாலும், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மெல்லிய பருத்தித் துணி வைத்துச் சுருட்டினால் கைப்பெட்டிக்குள் அடங்கும். மடித்தால் மடிப்பில் உள்ள கற்கள் உதிரும். ஆணின் டெயில் சூட்டை (பின்பக்கம் வால்போல் நீண்ட கோட்டு)த் தோள்பட்டை ஒன்றுக்குள் ஒன்று போகும்படி திருப்பி மடியுங்கள். இறகுத் துண்டைக் கழற்ற முடியுமானால் கழற்றித் துணிப் பையில் தனியாக வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், இறகு நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

பெரிய பெட்டிக்குள் போக வேண்டியவை: காலணியின் ஸ்வேட் எனும் மென்தோல் அடிப்பாகத்தைத் தேய்க்கும் கம்பி பிரஷ், கத்தரி, கல் ஒட்டும் பசை, உதிரிக் கற்கள், ஊசி நூல், பெரிய ஹேர்ஸ்பிரே. ஹேர்ஸ்பிரே கைப்பையில் என்றால் 100 மில்லிக்கு மேல் அனுமதி இல்லை. பெரிய பெட்டியில் ஒரு டப்பா அரை லிட்டர் வரை போகலாம்.

ஊக்கு ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் முதுகில் போட்டி எண் தாளைக் குத்த நான்கு வேண்டும். அங்கே எல்லாரும் எல்லாரிடமும் கேட்பது அதைத்தான். குதிகால் முனைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை இரண்டு ஜோடி. மரத்தளம் கெடும் என்று உறையில்லாத குதிகாலை அனுமதிக்காத அரங்குகள் நிறைய.

ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் மேடைக்காகத் தோலுக்குப் பழுப்புச் சாயம் பூசிக்கொள்வார்கள். நம் நிறத்துக்கு அந்தச் செலவு மிச்சம். ஆனால் கூட்டத்தில் அவர்கள்மேல் உரசினால் அந்தச் சாயம் உங்கள் வெள்ளைச் சட்டைக்கு வந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும்.

உடை விதியைக் கிளம்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள். எந்த வயதுக்கு என்ன உடை, எது கூடாது என்று கூட்டமைப்பு எழுதி வைத்திருக்கிறது. உள்ளூர் நிகழ்ச்சியில் கைதட்டல் வாங்கிய உடை அங்கே செல்லாமல் போகலாம்.

6. போட்டிக்கு முந்தைய மூன்று நாட்கள்

முதல் நாள் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், சீக்கிரம் தூங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் அரங்குக்குப் போய் நுழைவாயில், உடை மாற்றும் அறை, பயிற்சித் தளம் எங்கே என்று பார்த்து வாருங்கள். வளாகத்துக்குள் பீத்தோவன் பெயரில் ஒன்று, ஹெகல் பெயரில் ஒன்று என்று பல அரங்குகள். ஒரே நேரத்தில் பலவற்றிலும் ஆட்டம் நடக்கும். போட்டியன்று காலையில் வழி தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஊர் சுற்றுவதை இந்த நாட்களில் தொடாதீர்கள். 'சும்மா பக்கத்தில்தானே' என்று ஹைடல்பெர்க் கோட்டை ஏறிவிட்டு வந்த ஜோடி மறுநாள் குயிக்ஸ்டெப்பில் படும் பாட்டைத் தளத்தின் ஓரத்தில் நிற்பவர்களுக்கே தெரியும்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். சைவக்காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த வட்டாரத்தின் மவுல்டாஷன் பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரி இருந்தாலும் வழக்கமாக உள்ளே இறைச்சி இருக்கும். பருப்போடு வரும் ஸ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸிலும் தட்டின் மேல் சாசேஜ் இருக்கும். கேஸ்ஸ்பெட்ஸ்லே என்று கேட்டால் பாலாடைக்கட்டி போட்டது வரும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருப்பவைதான் கை கொடுக்கும். தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

7. போட்டி நாள்

செக்-இன் மேசை உங்கள் பிரிவு தொடங்கும் முன்பே மூடிவிடும். அது மூடும் என்று அட்டவணையில் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் எண்ணை வாங்கிவிடுங்கள். தலை அலங்காரத்தை முடித்துக்கொண்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். கொண்டை பாதியில் இருந்தாலும் எண் முதலில்.

எண்ணை ஆணின் முதுகில் தோள்பட்டைகளுக்குக் கீழே, நான்கு மூலையிலும் குத்துங்கள். இரண்டு ஊக்கு மட்டும் போட்டால் வியன்னீஸ் வால்ட்ஸில் கீழ் ஓரம் பறக்கும், நடுவருக்கு எண் தெரியாது. நடுவர்கள் தாளில் குறிப்பது எண்ணைத்தான்.

அடுத்தது ஹீட் பட்டியல். ஜோடிகள் அதிகம் என்பதால் ஒவ்வொரு நடனத்தையும் பல பிரிப்பாக ஆட வைப்பார்கள். இந்தப் பிரிப்பு நடனத்துக்கு நடனம் மாறும். வால்ட்ஸில் இரண்டாம் ஹீட் என்றால் டாங்கோவிலும் இரண்டாவதாகவே இருக்கும் என்று நம்பி நின்றுவிடுகிறார்கள். பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து, ஐந்து எண்களையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்வார்கள். வீட்டில் பழகிய நீண்ட அசைவு வரிசை, நெரிசலில் மூலையிலேயே முட்டி நின்றுவிடும். ஒவ்வொரு நடனத்திலும் எங்கே வேண்டுமானாலும் செருகக்கூடிய இரண்டு சிறு துண்டுகளை முன்பே பேசி வையுங்கள். பெண்ணுக்குப் பின்பக்கம் தெரியாத இடங்களில் கை அழுத்தத்தால் சொல்வதற்கும் ஒரு குறிப்பு வேண்டும். இடித்துவிட்டால் தலையை அசைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். நின்றுவிடாதீர்கள்.

இனி, நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. முதல் சுற்று முடிந்து பெயர் வரவில்லை என்றதும் உடையைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவது. கூட்டமைப்பின் பெரிய ஓபன் பிரிவுகள் பலவற்றில் ரீடான்ஸ் என்று ஒரு சுற்று உண்டு. முதல் சுற்றில் தேறாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. ஒரு ஜோடி ஜீன்ஸ் மாற்றி ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர்களுடைய எண் ஒலிபெருக்கியில் கேட்டது. உங்கள் பிரிவுக்கு ரீடான்ஸ் உண்டா என்று அட்டவணையைப் பாருங்கள். இருந்தால் அது முடியும்வரை காலணியைக் கழற்றாதீர்கள்.

கணவன் மனைவியாக ஆடுகிறவர்களுக்கு ஒரு சொந்த அபிப்பிராயம்: சுற்றுகளுக்கு நடுவே வீடியோ பார்க்காதீர்கள். யார் தப்பு என்ற பேச்சு ஆரம்பித்தால் அடுத்த சுற்று போச்சு. மறுநாள் காலை சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று ஊரிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் சாப்பிடுறியா, தண்ணி வேணுமா' என்ற அளவில் பேச்சு நின்றால் நல்லது.

மாலை நிகழ்ச்சிக்கு ஆட்டக்காரர்களுக்கும் தனிச் சீட்டு தேவைப்படலாம். பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நீங்கள் காலையிலேயே வெளியேறியிருந்தாலும் உலகின் சிறந்த ஜோடிகள் ஆடும் இறுதிச் சுற்றை நேரில் பார்ப்பது எந்தப் பயிற்சி முகாமுக்கும் குறையாது. மேசை இருக்கையைவிட மாடி இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். ஜோடிகள் தளத்தில் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பது மேலிருந்துதான் தெரியும்.

8. போட்டி முடிந்த மறுநாள்

எந்த ரயிலும் வேண்டாம். நள்ளிரவு வரை இறுதிச் சுற்று போகலாம். காலையில் எழ முடியாது. ஸ்டுட்கார்டின் பாட் கான்ஸ்டாட் பகுதி கனிம நீரூற்றுகளுக்குப் பேர்போனது. லாய்ட்ஸே குளியலகத்தில் இரண்டு மணி நேரம் காலை ஊறவிட்டு வாருங்கள். கார் பிரியர்களுக்கு மெர்சிடிஸ், போர்ஷே அருங்காட்சியகங்கள் உண்டு. இரண்டுமே திங்கட்கிழமை விடுமுறை.

போட்டி உடையை அறையில் விரித்துக் காய வையுங்கள். வியர்வையோடு சுருட்டினால் பயணம் முடிவதற்குள் துணி மஞ்சளாகிவிடும்.

9. அங்கிருந்து எங்கே

ஆடுகிற ஜோடிக்கு முதலில் தோன்றுவது வியன்னா. வால்ட்ஸின் ஊர் அல்லவா! ஆனால் அங்கே 'பால்' (ball) எனப்படும் நடன விருந்துகளின் காலம் குளிர்காலம், குறிப்பாக ஜனவரி, பிப்ரவரி. ஆகஸ்டில் அரசு ஆப்ராவும் கோடை விடுமுறையில் மூடியிருக்கும். அரண்மனை பார்க்கலாம், காபி குடிக்கலாம். ஆட வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான்.

என் ஓட்டு பாரிஸுக்கு. ஸ்டுட்கார்டிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், மாறாமல் போகலாம். கோடை மாலைகளில் சேன் நதிக்கரையில், தினோ ரோசி தோட்டத்தை ஒட்டிய படித்துறை வளைவுகளில், டாங்கோ, சல்சா என்று ஆளுக்கொரு கூட்டம் கூடி ஆடும். யாரும் எண் கேட்பதில்லை, நடுவரும் இல்லை. கல் தளம் என்பதால் போட்டிக் காலணியை எடுத்துப் போகாதீர்கள். ஸ்வேட் ஒரே மாலையில் பாழாகும். தோல் அடிப்பாகம் வைத்த பழைய காலணி ஒன்று போதும்.

ஜெர்மன் ரயிலில் மலிவுச் சீட்டு குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். போட்டி முடியும் நேரம் உறுதியில்லாததால், கடைசிப் போட்டி நாளுக்கு இரண்டு நாள் கழித்து மதியத்துக்கு மேல் கிளம்பும் ரயிலாகப் பார்த்து எடுத்தால் மலிவுச் சீட்டே போதும். சீக்கிரம் வெளியேறிவிட்டோமே, முன்னாலேயே கிளம்பலாமா என்று தோன்றும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து மாற்றாதீர்கள். மிச்சமிருக்கும் நாளில் லுட்விக்ஸ்பர்க் அரண்மனைக்குப் போய் வரலாம், புறநகர் ரயிலிலேயே எட்டிவிடும் தூரம்தான்.

திரும்பும் விமானத்தில் காலணியும் உடையும் மறுபடி கைப்பையில்தான். பாரிஸில் வாங்கியதையெல்லாம் பெரிய பெட்டிக்கு அனுப்புங்கள்.